சிகரத்துக்கு ஒரு பிடி மண்

டோக்கன் இன்னும் சூடேறவில்லை.

கருணாகரன் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். கத்திரி வெயில் காலம். நெய்வேலியில் அந்த மாதத்தில் பட்டப்பகலில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தவர் உடனே எழுந்துவிடுவார். அப்படியிருக்க, ஒரு பித்தளை வில்லை, குலுக்கல் முடிந்து நாலைந்து நாள் ஆன பிறகும், தண்ணீர்ப் பானையின் அடியில் கிடந்த காசு மாதிரி ஜில்லென்று இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பையின் துணிகூட அந்த இடத்தில் ஈரமாகியிருந்தது. அதை வியர்வை என்று அவர் முடிவு செய்தார். அவர் அதிகாரி. முடிவு செய்வது அவருடைய தொழில்.

நெய்வேலியில் மலை கிடையாது, சுரங்கம்தான் உண்டு. பழுப்பு நிலக்கரியை எடுக்க வேண்டுமானால் அதன் மேலே கிடக்கும் மண்ணை வழித்து எங்காவது கொட்டியாக வேண்டும். கொட்டிக் கொட்டி ஒரு மேடு உண்டாயிற்று. அதன் மேலும் கொட்டினார்கள். ஒரு நாள் ஆபீசர்ஸ் கிளப்பில் யாரோ எலுமிச்சை ஜூஸ் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் வழியே அதைப் பார்த்து, "சிகரம்" என்றார். அன்றிலிருந்து கழிவு மண் சிகரமாயிற்று. கன்வேயர் கொட்டகை 'பேஸ் கேம்ப்' ஆயிற்று. மலையேறும் சங்கம் ஒன்று முளைத்து, அதற்கு ஒரு தலைவரும், ஒரு செயலாளரும், கத்திரி வெயிலில் கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு கம்பளி மஃப்ளரும் ஏற்பட்டன.

சரிவு எப்போது சரியும் என்று யாருக்கும் தெரியாததால் மேட்டில் கால் வைக்கத் தடை இருந்தது. தடை இருந்ததால் மதிப்பு இருந்தது. வருஷத்தில் ஒரே ஒரு சாயங்காலம், ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும் அனுமதி. மனுப் போட்டவர்களின் டோக்கன்களைச் சுரங்கத் தொப்பி ஒன்றில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். கையில் வந்த டோக்கன்தான் பெர்மிட். இறங்கி வந்ததும் அதை கேட் அருகே இருக்கும் பலகையில் அவரவர் ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் மேலே இருக்கிறான் என்று அர்த்தம். உச்சிக்குப் போனவர்கள் தங்கள் சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி மண்ணைப் போட்டுச் சிகரத்தை அந்த அளவுக்கு உயர்த்திவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். ராப்பகலாக மண் கொட்டும் ராட்சத இயந்திரத்துக்கு அதிகாரிகள் செய்யும் ஒத்தாசை அது.

இந்த வருஷம் டெல்லியிலிருந்து டைரக்டரும் வந்து ஏறுகிறார். சூப்பிரண்டெண்ட் நாற்காலி ஒன்று காலியாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நிற்பவர்கள் இரண்டு பேர், கருணாகரனும் ராமலிங்கமும். அந்த நாற்காலியோடு தோட்டம் வைத்த பெரிய குவார்ட்டர்ஸும் சேர்ந்து வரும். கருணாகரனின் மனைவி சுப்புலட்சுமி அந்த வீட்டு ஜன்னல்களுக்குத் திரை தைக்க அளவே எடுத்துவிட்டாள். அப்படியிருக்க, ராமலிங்கம் மட்டும் டைரக்டரோடு சிகரத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள முடியுமா?

ஆகவே கருணாகரன் கிளப் பட்லர் அய்யாசாமியைப் பிடித்தார். அவருடைய டோக்கனை மட்டும் கிளப் பிரிட்ஜில் வைத்திருந்து, குலுக்குகிற சமயத்தில் தொப்பிக்குள் போட்டுவிட வேண்டும். எடுக்கப்போகிறவர் சீஃப் இன்ஜினியரின் மனைவி விஜயகுமாரி. சுப்புலட்சுமி இட்ட வடாம் அந்த வீட்டுக்கு டப்பா டப்பாவாகப் போய்க்கொண்டிருந்தது. கையில் ஜில்லென்று பட்டால் எடுத்துவிடுவதாக அம்மாள் ஒப்புக்கொண்டிருந்தாள். அப்படியே எடுத்தாள், கடைசி இடத்துக்கு. எடுத்தபோது, "ஐயோ, என்ன இப்படிக் குளிருது," என்று விரலை உதறிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

தொப்பிக்குள் மிச்சம் கிடந்தவற்றில் ஒன்று விருத்தாம்பாளுடையது.

சுரங்கத்துக்காகக் காலி செய்த கிராமத்துக்காரர்களும் மனுப் போடலாம் என்று சங்கம் பெருந்தன்மையாக அறிவித்திருந்தது. யாரும் போட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் காட்டிய பெருந்தன்மை. இலந்தைக்குப்பத்து விருத்தாம்பாள் போட்டுவிட்டாள். அதற்கு முன்பே நிலப் பிரிவில் கருணாகரனின் மேஜைக்கு முன்னால் வந்து நின்று அவள் சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"எங்க வூட்டுக்காரரு சின்னதுரை அந்த மேட்டுலதாங்க கெடக்குறாரு."

"மேட்டுல யாரும்மா கெடப்பாங்க? அது தடை பண்ணின இடம்."

"அவருக்கு யாருங்க தடை போட்டா? எங்க ஊரு சுடுகாட்ட வாரித்தான அங்க கொட்டிக்கினு இருந்தாங்க. மூடுன மண்ணு ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். தொறந்து கெடக்குறாருங்க. ஒரு புடி மண்ணு போட்டு மூடிட்டு வந்துட்டன்னா என் மனசு ஆறிடும்."

"மனுப் போடு. குலுக்கல்ல விழுந்தா போ. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்படிங்களா," என்றாள் அவள். "சட்டத்த யாரு குலுக்குவாங்க?"

இலந்தைக்குப்பத்துச் சுடுகாட்டைத் தோண்டுவதற்கு முன்னால் எலும்புகளை எடுத்து முறைப்படி வேறிடத்தில் அடக்கம் செய்ய ஏற்பாடு இருந்தது. மேற்பார்வை கருணாகரன். அன்றைக்கு வெயில் கொஞ்சம் அதிகம். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் மின்விசிறிக்குக் கீழே இருந்தபடியே சொல்லிவிட்டார்.

*

ஏற்றத்தன்று சாயங்காலம் கேட்டில் விருத்தாம்பாள் நின்றிருந்தாள். கையில் ஒரு சின்னத் துணி முடிச்சு.

"உங்களுக்குத்தான் விழுந்துச்சாமே. பரவால்லீங்க, போயிட்டு வாங்க. இத மட்டும் அவருக்குப் போட்டுடுங்க. எங்க புது வூட்டு வாசல் மண்ணு. சின்னதுரைக்குன்னு பேரு சொல்லிப் போடணும். பேரு சொன்னாத்தான் மண்ணுக்கு ஆளு தெரியும்."

டைரக்டரின் கார் அந்த நேரம் பார்த்து வந்து நின்றது. கருணாகரன் முடிச்சை இரண்டு கைகளாலும், மிகுந்த பணிவோடு, டைரக்டருக்குத் தெரியும்படி வாங்கிக்கொண்டார். அப்போதுதான் தன்னுடைய மண்ணைக் கொண்டுவரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பொள்ளாச்சியிலிருந்து தம்பி அனுப்புவதாகச் சொன்னது வரவேயில்லை. வீட்டு ரோஜாத் தொட்டியிலிருந்து அள்ளிக்கொள்ளலாம் என்றிருந்தவர் அதையும் மறந்திருந்தார். முடிச்சைப் பார்த்தார். மண் மண்தானே.

கேட்டில் டோக்கன் பலகைக்குப் பக்கத்தில் அய்யாசாமி டிபன் கூடையோடு உட்கார்ந்திருந்தான். கருணாகரன் குனிந்து, "அய்யாசாமி, பிரிட்ஜில எத்தனை நேரம் வச்சிருந்த? இன்னும் ஜில்லுனு இருக்கே," என்றார்.

அய்யாசாமி எழுந்து நின்றான். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அன்னிக்கி காலையிலேருந்து கிளப்புல கரண்டு இல்ல."

"கரண்டு இல்லையா?"

"ஊருக்கெல்லாம் அனுப்பிட்டு நமக்கு எங்க சார் மிச்சம். பிரிட்ஜு சூடு. ஐஸெல்லாம் தண்ணி. சும்மா எடுத்துப் போட்டேன். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

சட்டைப் பைக்குள் டோக்கன் நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்தது.

திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் ராமலிங்கம் டைரக்டரின் தண்ணீர்ப் பாட்டிலை ஏற்கெனவே வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். கருணாகரன் ஓட்டமும் நடையுமாக முன்னே போய், டைரக்டரின் மஃப்ளரை வாங்கிக்கொண்டார்.

பாதை மேட்டைச் சுற்றிச் சுற்றி ஏறியது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த மண் கான்வாஸ் ஷூவின் அடி வழியே சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. கிழக்கே மின்நிலையப் புகைபோக்கிகளும் மேற்கே சுரங்கப் பள்ளமும் மங்கி, பள்ளத்துக்குள் ஒவ்வொன்றாக விளக்குகள் முளைக்க, எங்கோ கனன்றுகொண்டிருந்த பழுப்பு நிலக்கரியின் காரநெடி காற்றில் வந்து போய்க்கொண்டிருந்தது. அந்த நெடி அவருக்குப் பழக்கம். அதற்கு அடியில் வந்த இன்னொரு வாசனைதான் அவரை நிற்க வைத்தது. வறட்டிப் புகை. அடுப்பில் அப்போதுதான் ஊதிப் பற்றவைத்த வறட்டியின் புகையும், அதோடு வேகும் கம்பின் மணமும்.

"யாரோ சமைக்கிறாங்க போலிருக்கு," என்றார்.

"உங்க பசி கருணாகரன் அது," என்றார் ராமலிங்கம். "அய்யாசாமி கூடை இன்னும் கீழேதான் இருக்கு."

இன்னொரு சுற்று. கிணற்று ராட்டினம் ஒன்று, எண்ணெய் போடாதது, கிறீச் கிறீச்சென்று இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. காலடியிலிருந்து வந்தது. கன்வேயர் உருளை என்று முடிவு செய்து, அதை வாய்விட்டும் சொன்னார்.

"கன்வேயரா? டைரக்டர் வர்றாருன்னு மதியத்திலேயே நிறுத்தியாச்சே. உங்களுக்குத் தெரியாதா?" என்றார் ராமலிங்கம்.

அவருக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லி ஓடியவரே அவர்தான்.

கால் எதிலோ தட்டியது. பாதி புதைந்த அம்மிக்கல். நடுவில் அரைத்து அரைத்துத் தேய்ந்த குழி. குழியில் மஞ்சள். ஈர மஞ்சள். அவர் அதைப் பார்க்கவில்லை என்று முடிவு செய்தார். முன்னால் போனவர்கள் யாரும் அதைத் தாண்டிக் கால் எடுத்து வைக்கவில்லை; அது அங்கே இல்லாததுபோல நடந்துபோனார்கள். துடைப்பம் ஒன்று வாசல் பெருக்கியது. வறக், வறக். யாரோ இருமினார்கள். மண்ணுக்குள்ளேயா, பின்னாலேயா? திரும்பிப் பார்த்தார். கடைசி ஆள் அவர்தான்.

கடைசி ஆள் அவர்தான், ஆனால் அவருக்குப் பின்னால் நடை சத்தம் இருந்தது. வெறுங்கால் நடை. அவர் நின்றால் நின்றது.

நெஞ்சில் டோக்கன் பட்ட இடம் மரத்துப் போயிருந்தது.

உச்சி என்பது நாலு கட்டில் போடுமளவு சமமான இடம். சங்கத்தின் கொடி ஒன்று தொங்கியது. டைரக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே உயர்வைப் பற்றிப் பேசினார். மனிதன் உயர வேண்டும், மண்ணும் உயர வேண்டும். எல்லோரும் ஆமோதித்தார்கள். பிறகு, "முதல் பிடியை யார் போடுவது?" என்று கேட்டார்.

ராமலிங்கம் வாயைத் திறந்தார். கருணாகரன் அதற்குள் முன்னால் நின்றார்.

முடிச்சை அவிழ்த்தார். மண் ஜில்லென்று இருந்தது, டோக்கனைப் போலவே. ஒரு கணம் அந்தப் பெயர் நாக்கில் வந்து நின்றது. சின்னதுரை. டைரக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி, தோட்டம், ஜன்னல் திரை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா, இது என் மண். என் பாட்டன் முப்பாட்டன் படுத்திருக்கிற மண். இது எனக்கென்றே வந்தது. எனக்கென்றே போடுகிறேன்."

குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் சரியாகத் தழுதழுத்தது. போட்டார். கைதட்டினார்கள். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

துடைப்பச் சத்தம் நின்றது. ராட்டினமும் நின்றது. வேலையைப் போட்டுவிட்டு ஒரு ஊரே நிமிர்ந்து பார்ப்பது போல.

கருணாகரன் காலை எடுக்கப் பார்த்தார்.

வரவில்லை.

கணுக்கால். முழங்கால். சத்தமே இல்லாமல், இதமாக, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல மண் அவரை உள்ளே வாங்கிக்கொண்டது. கூப்பிட்டார். வாய் அசைந்தது. டைரக்டர் அவரைப் பார்த்தபடி புன்னகை செய்தார், அவர் முகத்துக்கு நேராக அல்ல, சற்று மேலே, முகம் முன்பு இருந்த இடத்தைப் பார்த்து.

அங்கே ஒரு முகம் இருக்க வேண்டும்.

இடுப்பு. மார்பு. கழுத்து. கண்ணுக்கு நேரே ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ. அம்மிக்கல்லில் இடித்த மஞ்சள் கறை வலது முனையில். அவருடைய ஷூ. நாடா இடம் மாறிக் கட்டியிருந்தது, ஷூ போட்டே பழகாத ஒருவன் கட்டியதுபோல.

"அடுத்து நான்," என்றார் டைரக்டர். ஒரு பிடி மண் கருணாகரனின் நெற்றியில் விழுந்தது. லக்னோ மண். கைதட்டல்.

ராமலிங்கம். தஞ்சாவூர் மண். கண்ணில்.

பிறகு வரிசையாக. ஒவ்வொருவரும் குனிந்தார்கள். ஒவ்வொருவரும் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போல, ஒருவர் பின் ஒருவர், முறை தவறாமல். கடைசியில் போட்டோ. பளிச்சென்று ஒரு வெளிச்சம், மண்ணின் இடுக்கு வழியே.

இருட்டு.

இருட்டுக்குள் யாரோ அவருக்கு இடம் விட்டு நகர்ந்து படுத்தார்கள்.

மண்ணுக்குள் சத்தம் நன்றாகக் கேட்டது. ஷூக்கள் இறங்கும் சத்தம். சிரிப்பு. கேட். வில்லைகள் ஆணியில் விழும் சத்தம், டிங், டிங். அய்யாசாமி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும் குரல். எல்லாப் பெயரும் கூப்பிட்டு முடித்து, கடைசியாக:

"கருணாகரன் சார்?"

இங்கேதான். இங்கே. வாய் நிறைய மண்.

"இருக்கேன்," என்றது அவருடைய குரல், கீழே, கேட்டில்.

டிங்.

"என்னா சார், டோக்கன் கதகதன்னு இருக்குது," என்றான் அய்யாசாமி. "இருங்க, டிபன் சாப்ட்டுப் போங்க. டைரக்டர் உங்களத்தான் தேடினாரு."

"இல்லப்பா, நேரமாயிடுச்சு. வூட்டுக்குப் போவணும்," என்றது அவருடைய குரல். "விருத்தாம்பாளு வெளக்கு வச்சிக்கினு காத்துக்கினு இருப்பா."