விலகியவனின் முகவரி

“ஆவுடை, ஒங்க அண்ணன் கை மறுபடியும் தானா ஏறுது. கையில மீன் வெட்டுத கத்தி இருக்கு.” சந்தையிலிருந்து மதினி தொலைபேசியில் அலறியது கட்டுப்பாட்டறை முழுக்கக் கேட்டது.

ஆவுடை திரையைப் பார்த்தாள். துறைமுக வாசலில் கலவரத் தடுப்புப் படையின் லத்திகள் ஒரே வீச்சில் எழுந்து இறங்கின. மண்டைகள் பிளந்தன. அடிக்கிற எவரும் யோசிக்கவில்லை. பிடரியில் பதித்த தசைச்செவி என்ற கருவி, குழு முகவரிக்கு வரும் கட்டளையைக் கேட்டு அவர்கள் கையை ஓட்டியது. ‘அடி’ என்று ஒருமுறை அனுப்பினால் போதும், ‘நிறுத்து’ வரும்வரை அடித்துக்கொண்டே இருக்கும்.

கோளாறு செவியின் இயக்கி மென்பொருளில் இருந்தது. படையில் சேர்ந்தால் குழு முகவரியை எழுதிக்கொள்ளும், விலகினால் அழிக்காது. அண்ணன் ஞானதுரை படை வேலையை உதறிவிட்டு மீன்கடை போட்டு ஒரு வருடமாகிறது. பாழாய்ப்போன செவிக்கு அது உறைக்கவில்லை.

தொலைபேசியில் அண்ணன் அழுவதும் கேட்டது. “நான் செய்யல மக்கா. ஓடுங்க, கிட்ட வராதீங்க.” பிறகு யாரோ விழுந்த சத்தம்.

ஆவுடை எழுதிய திருத்தம் தயாராக இருந்தது. மேலதிகாரி தாணுமூர்த்தி குறுக்கே வந்தார்.

“நடவடிக்கை முடியட்டும்மா. நடுவுல இயக்கியில கை வைக்கக் கூடாது.”

“அதுக்குள்ள எத்தன பேரு சாகணும் சார்?” என்று அவரைத் தள்ளிவிட்டு அனுப்பினாள்.

விலகியவர்களின் செவிகளிலிருந்து முகவரி அழிந்தது. ஞானதுரையும் குழுவிலிருந்து நீங்கினார். அப்பாடா என்று ஆவுடை நாற்காலியில் சாய்ந்தாள்.

சற்று நேரத்தில் படைக்கு ‘நிறுத்து’ கட்டளை போனது. துறைமுகத்தில் லத்திகள் தாழ்ந்தன.

“இன்னும் வெட்டுதாகளே ஆவுடை,” என்றாள் மதினி. “எப்பவும் இந்நேரம் நின்னுருமே.”

அப்போதுதான் ஆவுடைக்கு உறைத்தது. ‘நிறுத்து’ என்பதும் அதே முகவரிக்குத்தான் போகிறது, அண்ணனின் செவி இனி அதைக் கேட்காது. அண்ணனைத் திரும்பச் சேர்க்கப் பார்த்தாள். இயக்கி மறுத்தது. பணியில் இல்லாதவரைச் சேர்க்கவிடாத பூட்டையும் திருத்தத்தோடு அவளேதான் எழுதியிருந்தாள். அதைக் கழற்ற ஒரு மணி நேரமாவது ஆகும்.

மதினியின் குரல் நின்றுபோனது. கத்தியின் சத்தம் மட்டும் கேட்டது.

“சந்தைக்குப் பக்கத்துல நம்ம படை ஆளுங்க பத்துப் பேரு நிக்காங்க, அவங்களுக்குத் தனி முகவரி,” என்றார் தாணுமூர்த்தி. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “நீ சொல்லும்மா.”

திருத்தம் சரியாகவே வேலை செய்தது. ஆவுடை அனுப்பிய ‘அடி’ அந்தப் பத்துப் பேருக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தது.