தீ தெரியாத புகையடுப்பு

தீயைக் கண்டால் என் தம்பி தியோ மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஜனவரியில் எங்கள் வீடு எரிந்தபோது அம்மா அவனை ஜன்னல் வழியாக வெளியே தள்ளிவிட்டாள். அவளால் வர முடியவில்லை.

இப்போது ஜூன். வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்கள் டெக்சஸில், அடிமைகளாக இருந்த எங்கள் முன்னோர் விடுபட்ட விடுதலை நாள் என்றால் பின்முற்றத்தில் மாட்டுக்கறி புகைய வேண்டும். கறியைப் புகையிலேயே வேகவைக்கும் பழைய புகையடுப்பு வீட்டோடு போய்விட்டது. அதனால் அப்பாவும் ராஸ்கோ சித்தப்பாவும் நானும் கடைக்குப் போனோம்.

"விறகு, கரி, கேஸ், கரண்ட். எது வேணும்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"விறகுதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் சித்தப்பா.

விலையைப் பார்த்த அப்பா பெருமூச்சு விட்டார். "நமக்குக் கட்டாது. கரியடுப்பு பார்க்கலாம்."

நான் கடைக்காரரிடம் கேட்டேன். "கரண்டுல தீ தெரியுமா?"

"தெரியாது பாப்பா. உள்ள ஒரு கம்பி சூடாகும். அதுல மரச்சில்லு புகையும், அவ்வளவுதான். கரியடுப்பு விலைதான் இதுவும்."

சித்தப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "கரண்டுல கறியா? ஊர்ல தலைகாட்ட முடியாது லூரீன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊரெல்லாம் சாப்பிடும் சித்தப்பா. தியோ மட்டும் வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருப்பான். அம்மாவும் இல்ல, அவனும் இல்லாம நீங்க எப்படிச் சாப்பிடுவீங்க?"

சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கரண்ட் அடுப்பே கொடுங்க" என்றார்.

விடுதலை நாளன்று காலையிலேயே கறியை அடுப்புக்குள் வைத்தோம். புகை வந்ததும் தியோ மேசைக்கு அடியில் போய்விட்டான். நானும் தவழ்ந்து உள்ளே போனேன்.

"தீயே இல்லடா."

"புகை வருதே. அன்னைக்கும் முதல்ல புகைதான் வந்துச்சு."

அவன் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன். பிளக்கைக் காட்டினேன்.

"பயமா இருந்தா இதைப் பிடுங்கிடு. எப்ப வேணா பிடுங்கலாம். யாரும் திட்ட மாட்டாங்க."

உடனே பிடுங்கினான். புகை மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு அவனே மறுபடி சொருகினான். பிறகு மறுபடி பிடுங்கினான்.

"இப்படியே போனா கிறிஸ்துமசுக்குத்தான் கறி வேகும்" என்று முனகினார் சித்தப்பா.

"வேகுறப்ப வேகட்டும். அவன் விருப்பம்" என்றார் அப்பா.

சொந்தக்காரர்கள் பீன்ஸையும் சோள ரொட்டியையும் தின்று தீர்த்துவிட்டுக் காத்திருந்தார்கள். தியோ நாற்காலியை இழுத்து வந்து அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

"அப்பா, அன்னைக்கு எரிஞ்ச தீக்கு ஏன் இப்படி ஒரு பிளக் இல்ல?" என்று கேட்டான்.

அப்பா அவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதார். அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட அவர் அழவில்லை. நானும் அழுதேன்.

"போதும்பா. கறி வேகணும்" என்று தியோ இறங்கிப் போய்ப் பிளக்கைச் சொருகினான். அதற்குப் பிறகு அவன் அதைப் பிடுங்கவே இல்லை.

கறி வெந்து முடிந்தபோது மாலையாகிவிட்டது. ஓரமெல்லாம் கொஞ்சம் வறண்டிருந்தது. தியோ இன்னொரு துண்டு கேட்டபோது பாத்திரம் காலி. ராஸ்கோ சித்தப்பா தன் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.