கடைசியாளின் துண்டு

அன்றைய மாரத்தானில், செங்கல் சூளையை நெருங்கிய பிறகு சாலையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பெரியவர், அவருக்குச் சற்று முன்னால் நொண்டிக்கொண்டு ஓடிய ரொட்டிக்கடைக்காரர், தளர்ந்து விழுபவர்களை ஏற்றிச்செல்லும் வேனை ஓட்டிவந்த பெரியவரின் மருமகன், கடைசித் தண்ணீர் மேசையில் காகிதக் குவளைகளோடு நின்ற தையற்கடை அம்மாள். எல்லைக்கோட்டில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டிருந்த மகளையும் சேர்த்துக்கொள்ளலாம். வேறு எவரும் இல்லை. பிற்பாடு ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பெரியவருக்குக் கண்ணிலோ காதிலோ கோளாறு இல்லை. ஓய்வு பெறும்வரை பாலங்களைப் பரிசோதித்தவர் அவர். தூணைச் சுத்தியலால் தட்டி, திரும்பி வரும் சத்தத்தை வைத்தே உள்ளே எங்கே பொள்ளல் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அந்தச் சிற்றூரில் கோடை ஓட்டத்தைத் தொடங்கி வைத்தது அவருடைய தகப்பனார். அன்று முதல் அந்த வீட்டார் எவரும் ஜெயிப்பதற்காக ஓடியதில்லை. எல்லாருக்கும் பின்னால் ஓடுவதுதான் அவர்கள் உரிமை. ஊரார் 'வால்' என்பார்கள். வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. கடைசியாள் என்றுதான் பெயர். கடைசியாள் யாரையும் பின்னால் விட்டுவிட்டு வரக் கூடாது. இடுப்பில் ஒரு நீண்ட வெள்ளைத் துண்டு கட்டியிருப்பார். கால் ஓய்ந்தவர் யாராக இருந்தாலும் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரலாம். கோட்டருகே வந்ததும் கடைசியாள் விலகி நின்று அவரை முன்னால் விடுவார். பிறகு, "எனக்குப் பின்னால் யாரும் இல்லை" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வார். அதற்குப் பிறகுதான் சாலை வண்டிகளுக்குத் திறக்கும்.

விழாக் குழுவில் இப்போது புதியவர்கள் வந்திருந்தார்கள். ஷூவில் ஒரு மின்னணுச் சில்லைக் கட்டிவிட்டால் யார் எங்கே இருக்கிறார் என்று கணினியே சொல்லிவிடுமே, ஒரு குடும்பத்துக்கு எதற்கு இந்தப் பட்டம் என்று கேட்டார்கள். இந்த ஆண்டு ஒரு சின்னப் பிசகு நடந்தால் போதும், கடைசியாள் என்கிற உரிமையை எடுத்துவிடுவார்கள். தனக்குப் பிறகு மகள் அந்தத் துண்டைக் கட்ட வேண்டும் என்று பெரியவர் நினைத்திருந்தார். ஆகவே அன்று அவர் வழக்கத்தைவிட நிமிர்ந்து ஓடினார்.

தண்ணீர் மேசையில்தான் அது தொடங்கியது. தையற்கடை அம்மாள் அவரிடம் இரண்டு குவளைகளை நீட்டினாள்.

"இந்தாங்க ஐயா. பின்னாடி வர்றவருக்கும் நீங்களே குடுத்துடுங்க. நான் கூப்பிட்டா வர மாட்டேங்கறாரு. கூச்சம் போல."

"பின்னாடி யாரும்மா? நான்தான் கடைசி."

அவள் அவருடைய தோளுக்கு அப்பால் ஒருமுறை பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "போங்கய்யா, எப்பப் பாத்தாலும் உங்களுக்கு விளையாட்டுதான்."

பெரியவர் வாழ்நாளில் யாரிடமும் விளையாடியவர் அல்லர். திரும்பிப் பார்த்தார். காலிச் சாலை. உருண்டு போகும் குவளைகள். சூளையின் புகைபோக்கியில் புகை இல்லை, கோடைக்கு மூடியிருந்தார்கள். ஒரு குவளையைக் குடித்தார். மற்றதை வீணாக்க மனமில்லாமல் தலையில் ஊற்றிக்கொண்டு நகர்ந்தார்.

சூளைச் சுவரை ஒட்டிச் சாலை வளைந்த இடத்தில் ரொட்டிக்கடைக்காரரை எட்டினார். எல்லா ஆண்டும் ஓட்டக்காரர்களில் கடைசி அவர்தான். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? நீங்க ரெண்டு காலால ஓடுறீங்களா, நாலு காலாலயா?"

"மூச்சை வீணாக்காதீங்க."

"இல்லைங்க, என் எடைக்கு ரோடு அழுதா நியாயம். உங்க பக்கத்துலேருந்து இவ்வளவு சத்தம் வருதேன்னு கேட்டேன்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. சாலை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் மேசையருகே நின்றிருந்த வேன் வந்தது. பல் மருத்துவரான மருமகனும் பெரியவரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவரை உள்ளே ஏற்றினார்கள். வேனில் ஏறியவர் கணக்கு அத்துடன் முடிந்தது. மற்ற எல்லாரும் ஏற்கெனவே கோட்டைத் தாண்டியிருந்தார்கள்.

"மாமா, நீங்களும் ஏறிக்குங்க. ரயில்வே கேட் வரைக்கும் விட்டுடறேன். யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன், மாப்பிள்ளை."

"அப்ப உங்க பொண்ணுகிட்ட நீங்களே பேசிக்குங்க. இந்த வெயில்ல உங்களைத் தனியா விட்டேன்னு என்னைத்தான் கடிப்பா."

"பல் டாக்டரையே கடிப்பாங்களா?" என்றார் உள்ளே படுத்திருந்த ரொட்டிக்கடைக்காரர்.

வேன் போய்விட்டது. அதன் சத்தம் தேய்ந்து, தூரத்துப் பூச்சியின் சத்தமாகி, அதுவும் அடங்கிய பிறகு, ஏரிக்கரையின் மேல் வளைவில்லாமல் நீண்டு கிடந்த சாலையில் பெரியவரின் காலடிச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

வறண்ட ஏரியிலிருந்து சுட்ட சேற்றின் வாடை எழும்பியது. தார் இளகி, காலணியை ஒவ்வொரு அடியிலும் லேசாகப் பிடித்துவைத்துப் பிறகு மனமில்லாமல் விடுவதுபோல் ஒரு சின்ன ஒட்டொலி எழுப்பியது. மரமோ கம்பமோ இல்லாத அந்தக் கரையில் வெயில் முதுகுப்பக்கமிருந்து அடித்ததால் அவர் நிழல் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தன் காலடியைக் கேட்டுக்கொண்டே போனார். கேட்பது அவருடைய தொழில். இரண்டு ஒட்டொலிகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று இருப்பதை அவர் காது பிரித்தெடுக்கச் சற்று நேரம் பிடித்தது. அது காலணியின் சத்தம் அல்ல. கொதிக்கும் தாரில் வெறுங்கால் அகலமாகப் பதிந்து, பிய்த்துக்கொண்டு எழும்பும் சத்தம்.

சுவர் ஏதும் இருந்தால் எதிரொலி என்று சொல்லலாம். அங்கே சுவர் இல்லை.

அவர் நின்றார். அது நின்றது. ஆனால் ஒரு அடி தாமதித்து நின்றது.

திரும்பினார். சூளை வளைவு வரைக்கும் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. கானல் மட்டும் நெளிந்தது. காலடிகளைத் தேடினார். அவருடைய காலணித் தடங்கள் தாரில் மங்கலாக இருந்தன. ஒவ்வொரு தடத்தின் மேலேயும் ஏதோ அழுத்தியதுபோல் அதன் வரிகள் மழுங்கியிருந்தன.

மறுபடியும் ஓடத் தொடங்கியபோது அவர் நிழலை மட்டுமே பார்த்தார். ஒரே நிழல். அதில் சந்தேகமில்லை. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றார். மூச்சை அடக்கிப் பிடித்தார். நிழலின் தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. வயதான ஒருவர் வெயிலில் பயந்து ஓடி வந்தார் என்று குழுவில் சொல்வார்கள். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்ததும் அவருக்குக் கோபம் வந்தது; கோபம் வந்ததும் கொஞ்சம் தெம்பும் வந்தது. சாலையைவிட்டு ஓரமாக இறங்கி நின்றார். பின்னால் ஒருவர் இருந்தால் அவரை முன்னால் போகவிடுவதுதான் முறை.

"போங்க," என்றார்.

எதுவும் அவரைத் தாண்டிப் போகவில்லை. பொறுத்துப் பார்த்தார். அப்படியானால் நான்தான் அதற்குப் பின்னால் போக வேண்டும் என்று தோன்றியது. வந்த வழியே திரும்பி நடந்தார். வெயில் இப்போது முகத்தில் அடித்தது. நிழல் பின்னால் போயிற்று.

ஒட்டொலியும் பின்னால் போயிற்று.

மறுபடி திரும்பினார். மறுபடி அது முதுகுப் பக்கம். எந்தத் திசையில் நின்றாலும் அதற்கு அவர் முதுகுதான் வேண்டியிருந்தது. இப்போது மூச்சும் கேட்டது. நீண்டு, ஈரமாக, நடுவில் இழுபடும் மூச்சு. ஓடி ஓய்ந்தவர்களின் மூச்சு அப்படித்தான் இருக்கும். எத்தனையோ கோடைகளில் அவர் கேட்டுப் பழகிய மூச்சு. அதனால்தான் பிசகினார். கால் ஓய்ந்து நிற்கும் ஒவ்வொருவரிடமும் அவருடைய தகப்பனார் சொன்னதை, அவரும் அத்தனை பேரிடமும் சொன்னதை, பயத்தின் நடுவே நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

"பயப்படாதீங்க. உங்களை விட்டுட்டு நான் போக மாட்டேன்."

மூச்சு நின்றது.

இடுப்பில் துண்டு இறுகியது.

யாரோ அதன் முனையைப் பிடித்திருந்தார்கள். முதலில் ஒரு பூனைக்குட்டியின் எடை. அவர் ஓடினார். எடையும் ஓடியது. பிறகு ஒரு குழந்தையின் எடை. பிறகு ஒரு ஆளின் எடை. சூடான சாம்பலில் தண்ணீர் ஊற்றினால் கிளம்பும் நெடி பிடரியில் பட்டது. வெறுங்கால்கள் முதலில் தடுமாறின, பிறகு அவருடைய ஓட்டத்தைக் கற்றுக்கொண்டன, பிறகு அவருடைய காலடி விழும் அதே நொடியில் விழுந்தன.

விரல்கள் முடிச்சுக்குப் போயின. வியர்வையில் ஊறிய முடிச்சுதான். அவிழ்த்திருக்கலாம். அந்த வீட்டில் எவரும் பிடித்தவர் கையிலிருந்து துண்டை உருவியது கிடையாது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. துண்டு இல்லாவிட்டால் அது எதைப் பிடிக்கும்?

கையை எடுத்துவிட்டார்.

ரயில்வே கேட். காலி. பள்ளிச் சுவர். காலி. திரும்பவில்லை. திரும்பக் கூடாது.

எல்லைக்கோட்டில் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் நினைத்தார். யாரும் இல்லை. அதைச் சொன்னால் போதும். ஓட்டம் முடியும். சாலை திறக்கும். உரிமை நிலைக்கும். அதுவும் ஒருவேளை விட்டுவிடும். யாரும் இல்லை. யாரும் இல்லை. மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டே ஓடினார்.

மைதானத்தில் கூட்டம் குறைந்திருந்தது. ஆனாலும் கைதட்டினார்கள், கடைசியாளுக்குக் கைதட்டாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. குழுவினர் கைகளைக் கட்டிக்கொண்டு நிழலில் நின்றார்கள். மகள் ஒலிபெருக்கியில் கூவினாள்.

"அப்பா வந்தாச்சு! ஏம்ப்பா, இப்படி இழுத்துக்கிட்டு வர்றீங்க? ரொட்டிக்கடை அண்ணனைத்தான் வேன்ல ஏத்தியாச்சே!"

சிரிப்பு எழுந்தது. அவள் குரலை மாற்றி, முறைப்படி கேட்டாள்.

"சொல்லுங்கப்பா. உங்களுக்குப் பின்னால யாராவது இருக்காங்களா?"

பெரியவர் வாயைத் திறந்தார்.

துண்டு மெதுவாக இழுபட்டது. இன்னொரு முறை இழுபட்டது. விட்டுவிடாதீர்கள் என்று கேட்பவர்கள் அப்படித்தான் இழுப்பார்கள்.

அந்தக் கோட்டில் நின்று அவருடைய தகப்பனார் பொய் சொன்னதில்லை.

"ஒருத்தர் இருக்கார்," என்றார். முதல் முறை குரல் அவருக்கே கேட்கவில்லை, மறுபடி உரக்கச் சொன்னார். "ஒருத்தர் இருக்கார்மா. முன்னால விடுறேன்."

விலகி நின்றார்.

குழுவில் யாரோ பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்தார். துண்டின் முனை தளர்ந்து தரையில் விழுந்தது. அவரைத் தாண்டி ஒரு வெப்பம் போயிற்று. கோட்டின் வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு பாத அகலத்துக்குக் கறுத்தது. அதற்கப்பால் இன்னொன்று கறுத்தது. சிரிப்பு முன்வரிசையில் அடங்கியது, பிறகு நடுவில், பிறகு எல்லா இடத்திலும்.

ஒலிபெருக்கியில் மூச்சு கேட்டது. மகளுடைய மூச்சு அல்ல.

அவள் தலையை நிமிர்த்தினாள். இன்னும் நிமிர்த்தினாள். வந்து சேரும் ஒவ்வொருவர் கழுத்திலும் பதக்கம் போட்டுப் பழகிய கை, அவளைக் கேட்காமலே, கடைசிப் பதக்கத்தை எடுத்தது. தூக்கியது. தன் தலைக்கு மேல். அதற்கும் மேல். நுனிக்காலில் எம்பி நின்றாள். விட்டாள்.

அது விழவில்லை.

நாடா எந்தக் கழுத்துக்கும் இல்லாத அகலத்தில் விரிந்து நின்றது. பதக்கம் காற்றில் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. பிறகு, யாரென்று பார்க்க ஒருவர் குனிவதுபோல், மெதுவாக அவள் முகத்துக்கு நேரே இறங்கி வந்தது.

அந்த ஆண்டு பெரியவர், பின்னால் வந்த ஒருவரைச் சாலையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று, அன்று மைதானத்தில் இல்லாதவர்கள் ஊரில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவர் யாரையும் விட்டுவிட்டு வரவில்லை. அழைத்துக்கொண்டு வந்தார்.