தூங்கும் தட்டில் ஒரு சுண்டுவிரல்

"இந்தத் தட்டுல இருக்கற செல்லெல்லாம் தூங்குது. எழுப்பிடாதே."

"எழுப்பினா திட்டுமா சித்தி?"

"திட்டாது. கிருமி வந்துடுச்சுன்னு சண்டைக்குக் கிளம்பிடும். உள்ள இருக்கற நொதியெல்லாம் பரபரன்னு வேலை செய்யும். அந்த வேகத்தை அளக்கறதுதான் என் வேலை. பக்கத்துத் தட்டை மட்டும் மருந்து விட்டு எழுப்பியிருக்கேன்."

நேற்றுப் பேசிய இந்தப் பேச்சு வாலுவின் காதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளி விடுமுறை என்பதால் இன்றும் சித்தியோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தாள்.

சித்தி அளக்கும் கருவியின் திரையைப் பார்த்து நெற்றியைத் தேய்த்தாள்.

"தூங்கற தட்டுலயும் எழுப்பின தட்டோட அளவே வருதே! ஏதோ அழுக்கு பட்டு எழுந்துடுச்சு. இனி எதோட எதை ஒப்பிடறது?"

சித்தியின் உதவியாளரான கண்ணாடி அக்காவின் முகம் சுருங்கிப்போனது. அந்தச் செல்கள் அவளுடைய ரத்தத்திலிருந்து பிரித்தவை. ஊசி குத்திய இடத்தில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"நான்தான் கையுறை மாத்தாம தொட்டிருப்பேன், மேடம். மறுபடி ரத்தம் தரேன்" என்றவள், ஊசியை நினைத்து எச்சில் விழுங்கினாள்.

வாலு சுண்டுவிரலைச் சட்டைப்பைக்குள் ஒளித்தாள். நேற்று சித்தி போன் பேசப் போனபோது அவள்தான் தூங்கும் தட்டின் மூடியைத் திறந்தாள். உள்ளே இளஞ்சிவப்புத் தண்ணீர்தான் தெரிந்தது. செல் எங்கே என்று விரலை விட்டுக் கலக்கினாள். பிஸ்கட் தின்ற விரல்!

காது இரண்டும் சுட்டன. அக்காவின் பஞ்சை அவளால் பார்க்கவே முடியவில்லை.

"அக்கா தொடலை. நான்தான்... விரலை விட்டேன்."

சித்தி திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"அக்காவுக்கு ஊசி வேணாம். என் கையில எடுத்துக்கங்க." கண்களை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் செல்லா? அதுங்க உன்னை மாதிரியே ஒரு நிமிஷம்கூடத் தூங்காதுங்களே!"

சித்தி சிரிக்கவில்லை. "ரெண்டு நாள் வேலை போச்சு. எதுக்குத் தொட்டே?"

வாலு தரையைப் பார்த்தாள். போன விடுமுறையிலிருந்து தொண்டை வரை வந்து, 'உனக்கெதுக்கு' என்பார்களோ என்று பயந்து திரும்பிப்போன கேள்வி ஒன்று அவளிடம் இருந்தது.

"செல் எப்படி இருக்கும்னு... கேக்கப் பயமா இருந்துச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த தடவை மைக்ராஸ்கோப்புல எனக்கும் காட்டுவீங்களா, சித்தி? தொட மாட்டேன். ஒரே ஒரு தடவை?"