அளவுக்கு ஓர் ஆள்

அந்தப் பெரிய வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் சைக்கிள் மணி, ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளின் கூச்சல், எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வை உதறும் சத்தம். பயப்பட ஒன்றுமே இல்லை. எனக்கு இருந்த ஒரே கவலை, தம்பி இன்றைக்கு என்னை எவ்வளவு நேரம் நிற்க வைப்பான் என்பதுதான்.

என் தம்பி கட்டடங்களைப் படம் எடுப்பவன். மனிதர்களை எடுக்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பான். கட்டடம் கண்ணை மூடாது, வயிற்றை உள்ளே இழுக்காது, இன்னொரு படம் எடு என்று நச்சரிக்காது என்பது அவன் கட்சி. ஞாயிறு தோறும் ஊரைச் சுற்றி நடப்பான். இடிக்கப்போகிற பழைய வீடு இடது பக்கம், அதே இடத்தில் எழுந்த புதுக் கட்டடம் வலது பக்கம், இப்படி ஒரு புத்தகம் போடவேண்டும் என்பது அவன் கனவு. துணைக்கு நானும் அவன் மகள் குட்டியும். அவன் மனைவிக்கு வெளியூரில் வேலை, விடுமுறைக்குத்தான் வருவாள். குட்டியைக் குளிப்பாட்டுவது, தலை வாரிவிடுவது, அடம்பிடித்தால் அதட்டுவது எல்லாம் நான். குட்டி பேசிய முதல் சொல்லே 'அத்தை'தான். அதை அவள் அம்மாவிடம் நாங்கள் இதுவரை சொன்னதில்லை.

நடையில் என் வேலை நிற்பது.

"அளவு தெரியணும்க்கா," என்பான் தம்பி. "பக்கத்துல ஒரு ஆள் நின்னாதான் கதவு எவ்வளவு பெருசுன்னு பாக்கறவங்களுக்குப் புரியும்."

"அதுக்கு ஒரு கம்பை நட்டு வையேன்."

"கம்பைத் தூக்கிட்டு வரணும். நீ நடந்து வர்ற."

குட்டியை நிற்க வைக்க முடியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள், ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்கமாட்டாள். அவன் எடுக்கும் விதத்துக்கு அசையாமல் நிற்கிற ஆள் வேண்டும். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, ஒரே இடத்திலிருந்து வரிசையாகப் பத்துப் பதினைந்து படம் எடுப்பான். பிறகு வீட்டில் கம்ப்யூட்டரில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவான். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதை அது வைத்துக்கொள்ளும். குறுக்கே போன சைக்கிளும் நாயும் ஆளும் காணாமல் போய், தெரு துடைத்துவிட்டதுபோல் காலியாகிவிடும்.

"அசைஞ்சது அழிஞ்சிடும், அசையாதது நிக்கும். அவ்வளவுதான் வித்தை," என்பான் பெருமையாக.

இடிக்கப்போகிற அந்தப் பெரிய வீட்டின் வாசலில் ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு கருங்கல். நடந்து நடந்து அதன் நடுப்பகுதி தேய்ந்திருந்தது, அது எந்த வாசலிலும் உள்ளதுதான். ஆனால் கல்லின் ஓரத்தில், தூணை ஒட்டி, யாரும் கால் வைக்கத் தேவையே இல்லாத இடத்தில், இரண்டு குழிகள் இருந்தன. பக்கத்துப் பக்கத்தில், பாதம் அளவுக்கு.

"உனக்காகவே செஞ்சு வச்சிருக்காங்க பாரு. அதுல நில்லுக்கா."

செருப்போடு நிற்க வரவில்லை. என் மஞ்சள் வார்ச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறி நின்றேன். இரண்டு பாதமும் கச்சிதமாகப் பொருந்தின. வெயில் நேராக விழுந்தும் கல் சில்லென்று இருந்தது. ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த நாற்றம் உள்ளிருந்து வந்தது. தம்பி படம் எடுக்க ஆரம்பித்தான்.

என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதாகத் தோன்றியது.

மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன். கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவ்வளவு நெருக்கத்தில் நிற்கிற யாரும் மூச்சுவிடாமல் இருக்கமாட்டார்கள்.

தோளைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

"அசையாதக்கா," என்றான் தம்பி.

முடிந்து இறங்கியபோது என் செருப்பைக் காணவில்லை. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று தம்பி சிரித்தான். வெறுங்காலோடு, வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

சாயங்காலம் படத்தைக் காட்டினான். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. தூணை ஒட்டி, என் இடத்தில், சாம்பல் நிறத் துணி உடுத்திய ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். என் உயரம்தான். நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருடா இது?"

"யாருன்னா? நீதான்."

"நான் பச்சையில போயிருந்தேன்."

"பச்சைதானே போட்டிருக்க? கண்ணை டெஸ்ட் பண்ணுக்கா. நல்லாத்தான் நின்னிருக்க."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். தனித்தனிப் படங்களைத் திறக்கச் சொன்னேன். அவற்றில் நான் இருந்தேன், முகத்தைச் சுளித்தபடி, ஒவ்வொன்றிலும் ஒரு விரல்கடை நகர்ந்து. என் தோளுக்குப் பின்னால் சாம்பல் துணியின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. அது மட்டும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில், மயிரிழைகூட மாறாமல் இருந்தது.

அசைந்தது நான்.

மறுநாள் நான் வேலை செய்யும் பல் மருத்துவமனைக்குப் போனேன். வரவேற்பு மேசை என்னுடையது. அது புதுக் கட்டடம், ஜன்னலே இல்லாத நடைபாதை, ஆள் நடந்தால் மட்டும் தானாக எரியும் விளக்குகள். நான் நடந்தேன். விளக்கு எரியவில்லை. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போனேன். எனக்குப் பின்னால் வந்த துப்புரவுக்காரம்மாவுக்கு ஒவ்வொன்றாக எரிந்தது.

அடுத்து கடைகளின் கண்ணாடிக் கதவுகள். முன்னால் போய் நின்றால் இரண்டாகப் பிரிந்து வழிவிடுகிற அந்தக் கதவுகள் எனக்கு அசையவில்லை. கையை ஆட்டினேன், குதித்தும் பார்த்தேன். வேறு யாராவது வரும்வரை நின்று, அவர்கள் முதுகோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போனேன். இளைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் காதில் அது விழவே இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

லிஃப்ட் கதவு என் கைமேல் மூடியது. பல்வலிக்காரர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று, "இங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார்கள்.

பிறகு ஒரு காலையில் நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தபோது, என் அறைக் கதவு திறந்தது.

படத்தில் நின்ற அவள் வந்தாள். என் பச்சை உடை, என் மூக்குக்கண்ணாடி, காலில் காணாமல் போன மஞ்சள் வார்ச் செருப்பு. எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"காபி ஆறிடப் போகுதுக்கா," என்றான் தம்பி, அவளைப் பார்த்து.

கத்தினேன். மேசையை அடித்தேன், சத்தமே வரவில்லை. தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் அந்த இடத்தைச் சொறிந்துகொண்டான். கூடப் பிறந்தவன். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் என் மடியைவிட்டு இறங்காதவன். அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்கே கேட்கவில்லை.

குட்டி மட்டும் தின்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

"அப்பா, அத்தை ஏன் கண்ணையே சிமிட்ட மாட்டேங்குறாங்க?"

"வாயை மூடிட்டுச் சாப்பிடு."

குட்டி தலையைத் திருப்பினாள். நான் இருந்த பக்கம். கண்கள் எதையோ தேடிவிட்டு, கிடைக்காமல் தட்டுக்குத் திரும்பின.

அன்றைக்கு என் கால்கள் என்னை வாசலுக்குக் கொண்டுபோயின. தெரு, திருப்பம், மறுபடி தெரு. நான் நடக்கவில்லை, நடத்தப்பட்டேன். பெரிய வீட்டின் வாசல்கல்லில் ஏறி, இரண்டு குழிகளில் பாதங்களைப் பொருத்தி நின்றேன். அங்கிருந்து இறங்க முடியவில்லை.

வீட்டை இடிக்க வந்தார்கள். கூரை போயிற்று, சுவர் போயிற்று, தூண் என் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. தூசி அடங்கியதும் தொழிலாளிகள் என் காலடியில் சாப்பாட்டுப் பைகளை வைத்தார்கள். மேஸ்திரி கல்லைத் தட்டிப் பார்த்து, "இதை உடைக்காதீங்க. புதுசுக்கு வாசல்ல போடணுமாம். பழைய ஞாபகமா இருக்கட்டும்னு முதலாளி சொல்றார்," என்றார். கல்லை ஓரமாக வைத்துப் படுதாவால் மூடினார்கள். என்னையும் சேர்த்து.

முதலில் கால்விரலை அசைக்க முடிந்தது. பிறகு இமையை. பிறகு அதுவும் நின்றுவிட்டது. வலியும் பசியும் இல்லை. எனக்குமுன் இங்கே நின்றவளை நினைத்துக்கொள்வேன். அவள் எத்தனை காலம் நின்றாளோ. கல் குழிகிற அளவுக்கு. அவள்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

படுதாவை விலக்கியபோது புதுக் கட்டடம் எழுந்து நின்றது. தரை முதல் உச்சி வரை கண்ணாடி, முன்னால் தானாகத் திறக்கும் கதவு, அதன் வாசலில் இந்தக் கல். மனிதர்கள் என்னைத் தாண்டி உள்ளே போய்வந்தார்கள். அவர்களுக்குத் திறந்த கதவு, முதுகுக்குப் பின்னாலேயே இருந்தும் எனக்குத் திறக்கவில்லை.

தம்பி வருவான் என்று தெரியும். வலது பக்கத்துப் படம் பாக்கி இருந்ததே.

வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, சுள்ளென்ற வெயில். ஸ்டாண்டைப் பழைய இடத்திலேயே ஊன்றினான். கூடவே அவள். முகம் இப்போது முழுக்க என் முகமாகியிருந்தது. அவர்களுக்கு முன்னால் குட்டி குதித்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். தலையை யாரும் சரியாக வாரிவிடவில்லை.

"அக்கா, அதே குழியில நில்லு. அப்பதான் ரெண்டு படமும் ஜோடி சேரும்."

அவள் கல்லைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அவளுக்கு நான் தெரிந்தேன்.

"எனக்கு முழங்கால் வலிக்குது," என்றாள் என் குரலில். "குட்டிய நிக்க வை."

"அவளா? அவ எங்க நிப்பா?"

"நிப்பா."

குட்டி ஓடிவந்து ஏறினாள். அவளுடைய சின்னப் பாதங்கள் என் பாதங்களுக்கு முன்னால், அதே குழிகளில் பதிந்தன. அவள் தலையின் எண்ணெய் வாசனை என் மூக்கில் ஏறியது. இத்தனை நாள் கழித்து எனக்கு வந்த முதல் வாசனை அதுதான்.

இறங்கு கண்ணு. இறங்கிடு.

குரல் வரவில்லை.

"அசையாம நில்லும்மா," என்றான் தம்பி.

அவள் அசைந்தாள். ஒற்றைக் காலில் நின்றாள், இடுப்பைச் சொறிந்தாள், பறவையைப் பார்த்துத் திரும்பினாள். தம்பி சலித்துக்கொண்டான். அவன் சலித்துக்கொண்ட ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் வந்தது. ஆட்டம் போடு தங்கம். உன்னை நான் அதட்டின அத்தனை அதட்டலையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இன்றைக்கு மட்டும் அடங்காதே.

அப்போது அவள் அண்ணாந்து பார்த்தாள்.

நேராக என் முகத்தை.

"அத்தை," என்றாள், உதடு மட்டும் அசைய.

அதோடு அசைவு நின்றது. கை, கால், இமை எதுவும் ஆடவில்லை. கண்ணெடுத்தால் நான் மறுபடி தொலைந்துவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"அப்படித்தான், அப்படியே இரு," என்றான் தம்பி மகிழ்ச்சியாக.

கேமரா சொடுக்கிக்கொண்டே இருந்தது.

நான் முகத்தைத் திருப்ப முயன்றேன், அவள் என்னைப் பார்க்காமல் இருக்கட்டும் என்று. என் உடம்பில் எஞ்சியிருந்த அத்தனையையும் திரட்டி முயன்றேன். கழுத்து ஒரு விரல்கடை திரும்பியது. திரும்பிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

எனக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது.

கல்லுக்கு வேறோர் ஆள் கிடைத்துவிட்டது; என் வலது கால் கல்லைவிட்டுக் கிளம்பியது. பிறகு இடது கால். தரை சூடாக இருந்தது. தம்பி ஸ்டாண்டை மடக்கிவிட்டு வந்தான். அவனைவிட நான் அரையடிதான் குள்ளம். இருந்தும் அவன் குனிந்து, சிறுபிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல் என் கையைப் பிடித்தான்.

"சமத்துக் குட்டி. வா, போலாம்."

"டேய், நான் அக்காடா. உன் பொண்ணு அங்க நிக்கறா பாரு."

அவன் கல்லைப் பார்த்தான். "எங்க? யாரும் இல்லையே, செல்லம்," என்று சொல்லி என் தலையைத் தடவினான்.

என் முகத்தோடு இருந்தவள் என் இன்னொரு கையைப் பிடித்தாள். அவள் கையும் சூடாகத்தான் இருந்தது.

"முதல்ல அப்படித்தான் இருக்கும்," என்றாள் என் காதருகே. "பழகிடும்."

இருவருமாக என்னை நடத்திக்கொண்டு போனார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். குட்டி குழிகளில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் மூடியிருந்தது. அவளுடைய கால் கட்டைவிரல் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

கடைத்தெரு வழியாகத்தான் வீட்டுக்கு வந்தோம். நான் கடந்த ஒவ்வொரு கடையின் கதவும் எனக்காகத் திறந்து மூடியது.