கற்குவியலின் அடியில்

கரடியனாற்று வட்டையின் வயல்களைக் கடந்து உழவு இயந்திரம் கல்மலைக் காட்டுக்குள் நுழைந்ததுமே சாமித்தம்பிக்குக் கடல் மணத்தது. உப்பும் அழுகிய பாசியும் கலந்த, வலை காயும் கரையின் மணம். கடலோ வாவிக்கும் அப்பால், எங்கேயோ கிடந்தது.

"முதலாளி, உங்களுக்கு ஏதும் மணக்குதா?"

"டீசல்தான் மணக்குது. என்ட இடுப்பு நட்டெல்லாம் கழண்டிட்டு, நீங்க மணத்தைக் கேக்கிறீங்க."

ஓட்டமாவடிப் பாறூக் சிரித்தார். சண்டை ஓய்ந்ததும், கைவிட்டுக் கிடந்த கல்மலையைக் குத்தகைக்கு எடுக்க வந்தவர் அவர். ஓட்டுவதும் அவரே. பாதை தெரிந்தவர் சாமித்தம்பி ஒருவர்தான்.

பாதையென்று சொல்ல அங்கே என்ன இருந்தது? மழை அரித்த பள்ளங்கள், சக்கரத்தின் கீழ் உருளும் கற்கள், முகத்தில் அறையும் முட்பற்றைகள், ஒரு பக்கம் முழுக்க, கல்லெடுத்த கிடங்குகளில் தேங்கி ஆழம் தெரியாமல் பச்சையாய்க் கிடந்த தண்ணீர். இயந்திரம் அந்தப் பக்கம் சரியும்போதெல்லாம் மட்கார்டை இறுக்கிப் பிடித்தார் சாமித்தம்பி. விழுந்தாலும் நல்லதுதான் என்று ஒரு நினைவும் வந்து போனது.

பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து பாறூக் கற்களைக் கிளறும் முன், எலும்புகளை எடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தார்.

கல்லுடைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. திரியில் நெருப்பு வைக்கும் முன் வெடிகாரன் கூப்பிடுவான். கீழே நிற்பவர்கள் ஒதுங்கிக்கொண்டு, அலவாங்குக் கம்பியால் கல்லில் தட்டிப் பதில் சொல்ல வேண்டும். தட்டல் கேட்காமல் நெருப்பு வைக்கக் கூடாது.

சுனாமியில் கடல் அள்ளிப்போன நாவலடியிலிருந்து கூலிக்கு வந்தவன் அருமைத்துரை. மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பின்னேரம், மற்றவர்கள் போன பிறகு, அவன் மட்டும் கீழே நின்றான். வெடிமருந்து நனைந்துவிடும் என்று, வெடிகாரனாக நின்ற சாமித்தம்பி தட்டலுக்குக் காத்திராமல் நெருப்பு வைத்தார். மலை சரிந்தது.

அதற்குப் பிறகுதான் தட்டல் கேட்டது. கல்லுக்கு அடியிலிருந்து.

களவாய் வாங்கிய வெடிமருந்து. ஆமிக்குத் தெரிந்தால் அவரையே காணாமல் ஆக்கிவிடுவார்கள். ஓடிவிட்டார். பின்னால் வெகுதூரம் தட்டல் வந்தது.

அருமைத்துரையை யாரும் தேடவில்லை. அவனும் கடலோடு போனவன் என்றே அவன் அக்கா மங்கையற்கரசி நம்பினாள். கூலியை வாங்கியதும் அக்காவைத் தேடிப் போவதாக இருந்தவன் அவன். வருடா வருடம் அவள் கடலில் பூப் போடுவதை, சாமித்தம்பி தள்ளி நின்று பார்ப்பார்.

இயந்திரம் முனகி நின்றது.

"இதுக்கங்கால மெசின் ஏறாது, அண்ணே."

"நீங்க இருங்க. நான் பாத்திட்டு வாறன்."

"கெதியா வாங்க. மழை வந்தா மறுகா நாம ரெண்டு பேரும் இஞ்சதான் குடும்பம் நடத்தணும்."

சாமித்தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினார். ஒரு குருவிச் சத்தமில்லை. காற்றில்லை. கற்குவியல் அன்று கிடந்தபடியே கிடந்தது. ஒரு புல்கூட முளைக்கவில்லை.

முழங்காலிட்டார். முதல் கல்லை அசைத்தார். கல் நனைந்திருந்தது. கையை நாக்கில் வைத்தார். உப்பு.

"தம்பி," என்றார் மெல்ல. "அக்காட்டக் கொண்டுபோறன்டா. என்னைப் பொறுத்துக்க."

கீழேயிருந்து பாறூக்கின் குரல் வந்தது. "அண்ணே! ஆரோட கதை? கல்லோடயா?"

சாமித்தம்பி அந்தக் கல்லைப் புரட்டினார். அடுத்த கல். அதற்கடுத்தது. அவர் கைகளுக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் கற்கள் கனக்கவில்லை. பெரிய கல்லும் பஞ்சுபோல் வந்தது. அடியில் யாரோ ஏந்திக் கொடுப்பதுபோல்.

கைகளை இழுத்துக்கொண்டார்.

மூச்சை அடக்கினார்.

கற்கள் நிற்கவில்லை. ஒரு கல் தானாக மேலெழுந்து வந்து, அவர் மடியில் மெதுவாக வைக்கப்பட்டது. பிறகு இன்னொன்று. அது இருந்த இடத்தில், நகமெல்லாம் தேய்ந்து எலும்பு தெரிந்த ஈர விரல்கள், அடுத்த கல்லைத் தடவித் தேடிக்கொண்டிருந்தன.