இருபது லட்சம் குருவிகள்

"நாப்பது பேர் வேலை செய்யற கம்பெனி சார். இந்த ஒரு பக்கம் அதை இழுத்து மூட வெச்சிடும்," என்று சொல்லி, முதலாளியம்மா ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்தார். செல்போனுக்குள் இருக்கும் சில்லுகளைச் செய்து விற்பவர் அவர்.

துப்பறிவாளர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டார். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதற்கென்றே பக்கத்தில் மைத்துனி இருந்தாள். செல்போன் பழுது பார்ப்பவள்.

விஷயம் இதுதான். சில்லில் உள்ள ஒரு நுட்பம் பெரிய நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தம். விற்கும் ஒவ்வொரு சில்லுக்கும் அவர்களுக்கு ராயல்டி தரவேண்டும். விற்காவிட்டாலும் வருடத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை சில்லுக்குத் தந்தே ஆகவேண்டும். முதலாளியம்மா ஒப்புக்கொண்டது இரண்டு லட்சம். ஐந்தாம் பக்கம் இப்போது சொல்வது இருபது லட்சம்.

"அவங்க பிரதியில?"

"அதுலயும் அப்படியேதான். கையெழுத்து கடைசிப் பக்கத்துல மட்டும்தானே சார்! எங்க அலமாரி சாவி என் கொழுந்தன்கிட்ட. போன மாசம் அவங்க பிரதிநிதி ஒப்பந்தத்தை வாங்கி ஒரு மத்தியானம் பூரா படிச்சாராம். இவனும் உடந்தையோன்னு நாலு நாளா அவன் முகத்தையே பாக்கல." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மைத்துனி பேச்சை மாற்ற, அவர் கொண்டுவந்த சில்லை எடுத்துப் பார்த்தாள். "கே-47! இது நிறைய போன்ல வருது மாமா."

"எங்களுக்கு அது குருவி. முதல் மாதிரி வந்து வேலை செய்யற வரைக்கும் நம்பர் வைக்க மாட்டோம், செல்லப் பேர்தான். வெச்சா விளங்காதுன்னு ஒரு பயம். கொழுந்தன் அதுல ரொம்பக் கறார். கையெழுத்து போட்டு ஒரு வருஷம் கழிச்சுத்தான் மாதிரியே வந்துச்சு."

துப்பறிவாளர் ஐந்தாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மீதிச் சுளைகளை நிம்மதியாகத் தின்றார்.

மறுநாள் காலை கம்பெனிக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கொழுந்தன் தலை குனிந்திருந்தார். பிரதிநிதி கால்மேல் கால் போட்டிருந்தார்.

"கையெழுத்தும் போட்டுட்டு இப்ப அழுதா எப்படி?" என்றார் பிரதிநிதி.

"அஞ்சாம் பக்கத்தைப் படிம்மா," என்றார் துப்பறிவாளர்.

மைத்துனி படித்தாள். "'கே-47 சில்லுக்குக் குறைந்தபட்சம்...' மாமா! மத்த பக்கமெல்லாம் குருவின்னுல்ல இருக்கு!"

"கையெழுத்தான அன்னிக்கு கே-47ங்கிற நம்பரே கிடையாது. அப்புறம் எப்படி எழுதியிருக்க முடியும்? விலைப்பட்டியலைப் பாத்து அடிச்ச வெளியாள் வேலை இது. நம்பர் வைக்கிறதே இந்தத் தம்பிதான். இவர் கூட்டாளியா இருந்தா அந்த வரியை விட்டிருப்பாரா?" அவர் பிரதிநிதி பக்கம் திரும்பினார். "உங்க தலைமை அலுவலகத்துக்கு நானே பேசட்டுமா?"

பிரதிநிதியின் கால் தானாகக் கீழே இறங்கியது. "குறைந்தபட்சம் கூடினா எனக்கு கமிஷன் கூடும்... ரெண்டு பிரதியும் என் கைக்கு வந்துச்சு... பக்கத்தை மாத்திட்டேன்..." என்று முணுமுணுத்தார்.

மத்தியானத்துக்குள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு லட்சமே செல்லும் என்று எழுதி, மன்னிப்பும் கேட்டிருந்தார்கள்.

முதலாளியம்மா கொழுந்தன் முன்னால் போய் நின்றார். "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனேப்பா."

"சாவி என்கிட்ட இருந்துச்சு. நானா இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன் அண்ணி," என்றார் அவர். "ஆனா நாலு நாளா தனியா உக்காந்து சாப்பிட்டதுதான் தாங்கல. நாளைலேர்ந்து கூட உக்காருவீங்களா?"

"நாளைக்கு எதுக்கு? இப்பவே வா."